பெரணிகளைப் படித்த பேராசிரியர்



செடிகொடிகளை இனம் பிரித்து, ஒவ்வொன்றும் இன்னதென்று அறிந்து, அதற்குரிய பெயரை வழங்கும் அறிவுத் துறைக்குத் தாவர வகைப்பாட்டியல் என்று பெயர். அத்துறையில் தம் வாழ்நாளையே செலவிட்ட ஓர் ஆசிரியரின் கல்விப் பணியைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் ரிச்சர்ட் எரிக் ஹோல்ட்டம். 1922ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தவர், 1954இல் திரும்பிப் போனார். 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, அதன் முதல் தாவரவியல் பேராசிரியராக அமர்ந்தவர் அவர்தான்.

"வெள்ளைக்காரப் பேராசிரியருக்கும் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். அவர் ஆராய்ந்த செடிகள் மாளிகைத் தோட்டத்தில் நீர் ஊற்றி வளர்ப்பவை மட்டுமல்ல. உங்கள் வீட்டுக்குப் பின்னால், அல்லூர் ஓரத்தில், செம்பனை மரத்தின் உடம்பில், பால்மரக் காட்டு மேட்டில் தானாக முளைத்துக் கிடப்பவையும் அவற்றில் உண்டு. குறிப்பாகப் பெரணிகள். பெயர் புதிதாகத் தோன்றினாலும் ஆள் உங்களுக்குப் பழக்கமானவர்தான். செம்பனை மரத்தில் வெட்டி எடுத்த மட்டையின் அடிக்கட்டைகளுக்கு நடுவே, சீப்புப் பல் போன்ற இலைகளோடு தொங்குகிறதே, அது ஒரு பெரணி. மேட்டு நிலத்தில் கால் வைக்க முடியாமல் பின்னிக் கிடக்கும் ரெசாம் ஒரு பெரணி. மலாய்க் கம்பத்துச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும், நுனி சுருண்ட 'பூச்சுக் பாக்கு' கீரையும் ஒரு பெரணிதான்.

பெரணி பூக்காது, காய்க்காது, விதையும் விடாது. இலையைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். சிலவற்றில் ஓரம் முழுவதும் கோடு போட்டதுபோல் இருக்கும். இலைக்குப் பூச்சி விழுந்துவிட்டது என்று எண்ணிப் பறித்து எறிபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பூச்சியல்ல. அப்புள்ளிகளுக்குள் மாவைப்போல் நுண்ணிய வித்துத்தூள் இருக்கிறது. அது காற்றில் பறந்துபோய் ஈரமான இடத்தில் விழுந்தால், முதலில் விரல் நகத்தைவிடச் சிறிய, பச்சை நிறத் தகடு ஒன்று முளைக்கும். பார்ப்பதற்கு நெஞ்சு வடிவத்தில் இருக்கும். அதிலிருந்துதான் அடுத்த பெரணி பிறக்கிறது. ஈரம் கண்ட பழைய செங்கல் சுவரிலே இந்தத் தகட்டைப் பார்க்கலாம். பாசி என்று நினைத்துத் தேய்த்துக் கழுவிவிடுகிறோம்.

சரி, ஹோல்ட்டத்திடம் வருவோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் வட்டாரத்து லிண்டன் என்னும் ஊரில் 1895இல் பிறந்தார். குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆயுதம் ஏந்துவது அவர்கள் கொள்கைக்கு ஒவ்வாது. ஆகவே முதல் உலகப் போரின்போது துப்பாக்கி தூக்காமல், காயம்பட்டவர்களைச் சுமந்து செல்லும் மருத்துவ உதவிப் படையில் பிரான்சில் பணி செய்தார். அதற்காகப் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்குப் பதக்கம் அளித்தது. போர் முடிந்து கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தார். 1921இல் தம் பேராசிரியர் சீவர்டு என்பவரோடு பனி மூடிய கிரீன்லாந்துக்குப் போய், பாறையில் பதிந்து கல்லாகிப்போன பழங்காலத் தாவரங்களைத் தேடினார். மறு ஆண்டே சிங்கப்பூர். பனிக்காட்டிலிருந்து வெயில் காட்டுக்கு வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம்.

சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் துணை இயக்குநர் வேலை. அந்தப் பூங்காவை நம் மக்கள் மறக்க முடியாது. அங்கே 1888 முதல் 1912வரை பொறுப்பிலிருந்த ரிட்லி என்பவர்தான், மரத்துக்குக் கேடு வராமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு, பால்மரம் போடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் விடாமல் வற்புறுத்தினார். அதன் விளைவாகத்தான் நம் பாட்டன்மார் பல்லாயிரவர் கப்பலேறினார்கள். ரிட்லிக்குப்பின் பர்க்கில். 1925இல் பர்க்கில் ஓய்வு பெறவே பூங்காவின் முழுப் பொறுப்பும் ஹோல்ட்டத்தின் கைக்கு வந்தது. 1949வரை அவரே இயக்குநர்.

வந்த புதிதில் அவருக்கு விழுந்த வேலை பெரணிகளை ஒழுங்குபடுத்துவது. பூங்காவில் உலர்செடியகம் ஒன்று உண்டு. பறித்த செடியைத் தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, எங்கே கிடைத்தது, என்று கிடைத்தது, யார் எடுத்தார் என்று சீட்டு எழுதி, பீரோக்களில் அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. புத்தக நூலகத்தைப்போலச் செடி நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சரியில்லாவிட்டால் அந்த நூலகத்தால் ஒரு பயனும் இல்லை. பெரணி அடுக்குகளோ குழம்பிக் கிடந்தன.

இங்கே, பெயர் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விஞ்ஞானிகள் ஒவ்வொரு செடிக்கும் இலத்தீன் மொழியில் இரண்டு சொற்களால் பெயர் வைப்பார்கள். முதற்சொல் பேரினம்; இரண்டாவது அச்செடிக்கே உரிய பெயர். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் இந்த முறை தமிழருக்குப் புதியதல்ல. முனியாண்டியின் மகன் சுப்பையாவை 'மு. சுப்பையா' என்று எழுதுகிறோம் அல்லவா? தகப்பன் முன்னால், பிள்ளை பின்னால். இலத்தீன் பெயரும் அப்படித்தான். முதற்சொல் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறது, இரண்டாம் சொல் எந்தப் பிள்ளை என்று சொல்கிறது.

ரெசாமையே எடுத்துக்கொள்வோம். 1768இல் பர்மன் என்பவர் அதற்குப் 'பாலிப்போடியம் லீனியாரே' என்று பெயர் வைத்தார். 1880இல் அது 'கிளைகீனியா லீனியாரிஸ்' ஆயிற்று. 1907இல் 'டிக்ரனாப்டெரிஸ் லீனியாரிஸ்' ஆயிற்று, இன்றுவரை அதுதான். தத்துக் கொடுத்த பிள்ளைக்குத் தலைப்பெழுத்து மாறுவதுபோல, முன்சொல் மாறிக்கொண்டே வந்தது. சொந்தப் பெயர் அப்படியே நின்றது, இலத்தீன் இலக்கணத்துக்காக வாலில் ஓர் எழுத்து மாறியதைத் தவிர. இப்படி வீடு மாற்றுவது விஞ்ஞானிகளின் விளையாட்டல்ல. இந்தச் செடிக்கு உண்மையான உறவுக்காரர்கள் யார் என்று தெரியத் தெரிய, இடமும் மாற்றப்படுகிறது.

ஆனால் உறவைக் கண்டுபிடிப்பது எப்படி? முந்தைய அறிஞர்களில் பலர் ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் வந்த காய்ந்த இலைகளைப் பார்த்தே பிரித்தார்கள். இலையின் அடியிலுள்ள புள்ளி உருண்டையாக இருந்தால் ஒரு கூட்டம், நீளமாக இருந்தால் ஒரு கூட்டம், மூடி இருந்தால் வேறொரு கூட்டம். உருண்டைப் புள்ளி, மூடி இல்லை என்றால் பாலிப்போடியம் என்று ஒரே கூடையில் கொட்டிவிட்டார்கள். ஒரே நிறச் சட்டை போட்டவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி என்பதுபோல!

ஹோல்ட்டம் வேறு வழியில் போனார். அவர் இருந்த இடமோ பெரணிகள் பிறந்து வளரும் இடம். காட்டுக்குப் போய் உயிருள்ள செடியைப் பார்த்தார். அது மண்ணில் நிற்கிறதா, மரத்தில் ஏறுகிறதா? அதன் கிழங்குத்தண்டு நிமிர்கிறதா, படர்கிறதா? தண்டின்மேல் இருப்பது மயிரா, செதிலா? குட்டிச் செடியின் இலை எப்படி, முதிர்ந்தபின் எப்படி? நரம்புகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா? இப்படிப் பல அடையாளங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தால்தான் உறவு புலப்படும் என்பது அவர் கட்சி. 1947இல் இங்கிலாந்தின் லின்னேயர் சங்க ஏட்டில் பெரணிகளுக்குப் புதிய வகைப்பாடு ஒன்றை வெளியிட்டார். பழைய கூடைகளை அவிழ்த்துக் கொட்டி மறுபடி அடுக்கிய கட்டுரை அது.

இதற்கு நம்மவர்களே ஒரு நல்ல சான்று வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கொல்லிமலைப் பக்கம் 'முடவாட்டுக்கால்' என்று ஒரு கிழங்கு விற்கும். ரசமாகச் செய்து குடிப்பார்கள். அது கிழங்கல்ல, ஒரு பெரணியின் படரும் தண்டு. பழுப்புச் செதில்கள் மூடி, உரோமத்தோடு கூடிய ஆட்டுக்காலைப்போல் இருப்பதால் அந்தப் பெயர். அதே பெரணி நம் நாட்டிலும் மரங்களில் ஒட்டி வளர்கிறது. அதில் இருவகை இலைகள் உண்டு. ஒருவகை பச்சையாக நீண்டு வளர்ந்து, பின் உதிர்ந்துவிடும். மற்றது குட்டையாக, காய்ந்த சருகுபோல் தண்டோடு ஒட்டி நின்று, விழும் குப்பை கூளங்களைப் பிடித்துவைத்துத் தனக்கு உரமாக்கிக்கொள்ளும். 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது பச்சை இலையையும் தண்டையும் விட்டுவிட்டு, அந்தச் சருகு இலை ஓக் மரத்து இலைபோல் இருப்பதை நினைத்தார். நம் மலைவாசி மக்களோ தண்டைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஹோல்ட்டம் கவனி கவனி என்று சொன்னதும் தண்டையும் அதன் செதிலையும்தான். காட்டோடு பழகியவன் கண்ணுக்கு எது முதலில் படுகிறது பாருங்கள்.

பெரணியோடு அவர் நிற்கவில்லை. இஞ்சிக் குடும்பத்தை ஆராய்ந்து 1950இல் பெரிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மஞ்சள், லெங்குவாஸ், லக்சாவில் போடுகிற பூங்கா காந்தான் எல்லாம் இந்தக் குடும்பம். இஞ்சிப் பூக்கள் ஒரே நாளில் வாடிப்போகும். தாளில் அழுத்தினால் கூழாகிவிடும். காய்ந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் வளர்த்து, பூத்த அன்றே உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். மூங்கிலும் இப்படித்தான், பூக்கவே பல்லாண்டு ஆகும். காய்ந்த இலையை நம்பியவர்கள் கைவிட்ட இடங்களையே அவர் தேடிப் பிடித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆர்கிட் பூக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்கிட் விதை தூசியைவிட நுண்ணியது. அதற்குள் முளைப்பதற்கு வேண்டிய உணவு இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். 1922இல் அமெரிக்கர் நட்சன், சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அதில் விதையைத் தூவி முளைக்கவைக்கும் வழியை வெளியிட்டார். ஹோல்ட்டம் 1928 முதல் அதைச் சிங்கப்பூரில் செய்து பார்த்து, இரண்டு வகைகளைக் கலந்து புதுப்புது ஆர்கிட்டுகளை உண்டாக்கினார். இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடக்கும் ஆர்கிட் பூ வியாபாரம் அந்தக் குடுவைகளில் முளைத்ததுதான்.

அவருக்குக் கீழே 1929இல் சேர்ந்தவர் கார்னர் என்னும் இன்னொரு தாவரவியலாளர். உயரமான காட்டு மரங்களின் கொப்புகளைப் பறித்துப்போடத் தேங்காய் பறிக்கும் பெரோக் குரங்குகளைப் பழக்கினவர் அவர். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் தாவரவியல் பாடம் உடனே இனித்துவிடும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. பூங்காவுக்கு வந்த ஜப்பானியப் பேராசிரியர்களும் விஞ்ஞானிகளாக இருந்ததால், உலர்செடியகமும் நூலகமும் சூறையாடப்படாமல் தப்பின. ஹோல்ட்டத்தையும் கார்னரையும் பூங்காவிலேயே வேலையைத் தொடர வைத்தார்கள். எதிரியோடு ஒத்துழைத்தார்கள் என்று அவர்களுடைய நாட்டவர் சிலரே பிறகு குறை கூறினார்கள். சேகரித்து வைத்த அறிவைக் காப்பாற்றியது பெரிய காரியம் என்பது என் எண்ணம். அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானவர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, ஏராளமானோர் திரும்பாமல் போனதையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. காய்ந்த இலைக்குக்கூடச் சீட்டும் எண்ணும் இருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் எங்கே புதைந்தார்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

போருக்குப்பின், 1949 அக்டோபரில் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயின. 54 வயதில் ஹோல்ட்டம் இயக்குநர் பதவியை விட்டு, ஆசிரியராக வகுப்பறைக்குள் நுழைந்தார். புதிய துறை, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து அமைக்க வேண்டும். தாவரவியல் பாட நூல்களோ இங்கிலாந்தில் அச்சானவை. அவற்றிலுள்ள உதாரணங்கள் அந்த நாட்டு வயல்வெளிப் பூக்கள். பனிக்காலத்தில் இலை உதிர்ந்து வசந்தத்தில் துளிர்ப்பதை, வருடம் முழுவதும் மழை பெய்யும் ஊர்ப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்வான்? 1954இல் அவர் 'மலாயாவில் தாவர வாழ்க்கை' என்னும் பொருள்படும் ஒரு சிறு நூலை எழுதினார். கண்ணெதிரே வளரும் செடிகளைக் கொண்டே செடி என்றால் என்ன என்று விளக்கும் நூல். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ' என்று கற்றுக்கொடுத்தார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அந்த விதியைக் கையாண்டிருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஐந்தே ஆண்டுகள்தான் அவர் பேராசிரியர். அந்த ஐந்தாண்டுக்குள் ஆர்கிட் நூல் 1953இலும், பெரணி நூல் 1954இலும் வெளிவந்தன. மலாயாவில் என்னென்ன பெரணி உண்டு, எதை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு அரை நூற்றாண்டுக் காலம் அந்தப் பெரணி நூலே கைவிளக்கு. நூலின் கடைசியில், லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை ஐரீன் மேன்டன், மலாயாப் பெரணிகளின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களை எண்ணி எழுதிய பகுதியும் சேர்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைச் சொன்ன ஆசிரியர், கண்ணுக்குத் தெரியாத சாட்சியையும் அழைத்து வைத்துக்கொண்டார்.

அந்த முதல் வகுப்புகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்க முடியும்? பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில். தோட்டப் பள்ளியிலோ தமிழில் ஆறாம் வகுப்புவரை. அதற்குமேல் படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். போகமுடியாதவன் பால்வாளியைத் தூக்கினான். ரெசாமையும் லாலானையும் தினமும் தொட்டு வெட்டியவன் வெளியே நின்றான். அவற்றைப் பற்றிய பாடமோ உள்ளே நடந்தது. இதை யார்மீதும் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அன்றைய ஏற்பாடு அப்படி.

1954இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய ஹோல்ட்டம், கியூ தாவரப் பூங்காவில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு மீண்டும் பெரணியில் இறங்கினார். மலாயா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நியூகினி எல்லாம் சேர்ந்த பெருநிலப்பரப்பின் தாவரங்களைத் தொகுக்கும் பெருநூலில் பெரணிப் பகுதியை எழுதும் பொறுப்பு அவருடையது. 1959இல் வந்த அதன் முதல் பகுதியில் ரெசாம் குடும்பமும் இருக்கிறது. நம் அல்லூர் ஓரத்துப் பெரணிகளில் பல அடங்கிய இன்னொரு பெரிய குடும்பத்தை, நானூறுக்கு மேற்பட்ட சிற்றினங்களை, அவர் முடித்துத் தந்தபோது வயது 86. 1964இல் லின்னேயர் பதக்கம் கிடைத்தது. 1990 செப்டம்பரில் தம் 95ஆம் வயதில் காலமானார். ஓய்வுக்குப்பின் மட்டும் 36 ஆண்டுகள்!

அவர் சொன்னதெல்லாம் நிலைத்ததா என்றால், இல்லை. 1947இல் பற்பல பெரணிகளை ஒரே பெரிய குடும்பத்தில் சேர்த்திருந்தார். பிற்காலத்தில் மரபணுவைப் படிக்கும் முறை வந்தபின் அந்தக் குடும்பம் பல துண்டாகிவிட்டது. ஆனால் அல்லூர் ஓரத்துப் பெரணிகளை அவர் பல பேரினங்களாகப் பிரித்தாரே, அப்போது இது மிகை என்று சொன்னவர்கள் உண்டு. 2016இல் உலகத்துப் பெரணி ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட வகைப்பாட்டில் அவற்றில் பல இடம்பெற்றுள்ளன. இங்கே கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகம் தீபகற்ப மலேசியாவின் தாவரங்களைப் புதிதாகத் தொகுக்கத் தொடங்கி, 2010இல் முதல் தொகுதியாகப் பெரணிகளையே வெளியிட்டது.

இனி, பெற்றோர்கள் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். என் மாணவி ஒருத்தியின் தாயார் பள்ளிக்கு வந்து, "பிள்ளை எந்நேரமும் செடியைப் பொறுக்கிக்கிட்டு வருது சார். பரீட்சைக்கு இது வருமா? நாளைக்கு இதில் வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உடம்பு நோகப் பாடுபட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

மறைக்காமல் சொல்கிறேன். வகைப்பாட்டியலில் வேலைகள் அதிகம் இல்லை. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம், பல்கலைக்கழகங்களின் தாவரவியல் பிரிவுகள், சிங்கப்பூர்த் தாவரப் பூங்கா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு உயர்நிலைப் பள்ளியில் உயிரியலை நன்றாகப் படித்து, பட்டம் பெற்று, மேற்பட்டமும் பெறவேண்டும். நீண்ட வழி. ஆனால் செடியை இனம் காணும் கண், வேறு பல வேலைகளுக்கும் அடிப்படை. ரப்பர், செம்பனை ஆராய்ச்சி நிலையங்களுக்கு, விவசாய இலாகாவுக்கு, மருந்துக்கடைக்கு, ஏன், நம் தோட்டத்துக்கே அது வேண்டும்.

தோட்டத்துக்கு எப்படி என்கிறீர்களா? முன்னாளில் பால்மரக் காட்டில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று மண் தெரியச் சுரண்டச் சொன்னார்கள். நம் பெண்கள் மாமட்டியும் சுரண்டியுமாக நாள் முழுவதும் குனிந்து செய்த வேலை அது. மழை வந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போனபின்தான் தவறு தெரிந்தது. 1934இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஹெய்ன்ஸ் என்பவர், இயற்கையாக முளைக்கும் கீழ்ச்செடிகளை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிக் கட்டுப்படுத்துவது என்று தனி நூலே எழுதினார். எதை விடலாம், எதை எடுக்கவேண்டும்? பெயர் தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இன்றைக்குச் செம்பனைக் காட்டில் தரையிலும் மரத்திலும் வளரும் 'நெஃப்ரோலெபிஸ் பைசெரேட்டா' என்ற பெரணியை மண்ணைக் காக்கும் மென்மையான செடி என்று விட்டுவைக்கச் சொல்கிறார்கள். லாலானையும், இளங்கன்றுகளின்மேல் ஏறிப் படர்ந்து மூடும் ரெசாமையும் அகற்றச் சொல்கிறார்கள். மருந்து அடிக்கிறவருக்கு எல்லாமே புல்லு என்றால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து கருகும், மருந்தும் வீண். ரெசாம்கூட எல்லா இடத்திலும் கெட்டதல்ல. சரிந்த மேட்டில் அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதன் கெட்டியான தண்டைச் சீவி ஜாவி எழுத்து எழுதும் பேனாவாக மலாய்க்காரர்கள் பயன்படுத்தினார்கள்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்னது, பிள்ளை செடியைக் கொண்டுவந்தால் அதட்டாமல் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுங்கள், மற்றதை மேலே படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். அதன்பின் அந்த நோட்டில் அவரே சில பெயர்களைச் சொல்லி எழுதவைத்தார். காய்ச்சலுக்கு எது, புண்ணுக்கு எது என்று தம் தாயிடம் கேட்டவை அவை. அப்பெயர்களில் சில எனக்கே புதியவை.

தம்பி தங்கைகளே, நீங்கள் செய்து பார்க்க இரண்டு காரியங்கள். முதலாவது, அடியில் பழுப்புப் புள்ளி முதிர்ந்த ஒரு பெரணி இலையைப் பறித்து, புள்ளி கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, காற்றடிக்காமல் ஒரு பாத்திரத்தால் மூடுங்கள். மறுநாள் மெதுவாக எடுத்துப் பாருங்கள். வித்துத்தூள் கொட்டி, இலையின் வடிவம் தாளில் படமாக விழுந்திருக்கும். புள்ளி முதிராத இலையானால் ஒன்றும் விழாது. வேறு இலையை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, செடியை உலர்த்துவது. பழைய செய்தித்தாளில் இலையைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஓர் இலையை மட்டும் திருப்பி அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். கிழங்குத்தண்டின் சிறு துண்டையும் சேர்த்து வைக்கவேண்டும். செதிலா மயிரா என்று அதில்தான் தெரியும். மேலே இன்னொரு தாளை மூடி, கனமான பலகையோ புத்தகங்களோ ஏற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும், ஆகவே தினமும் தாளை மாற்றுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும். பிறகு அட்டையில் நூலால் தைத்தோ சிறு தாள் பட்டைகளால் ஒட்டியோ வைக்கலாம். பறித்த அன்றே சீட்டை எழுதிவிடுங்கள்: தோட்டத்தின் பெயர், எந்தக் காடு, மேடா பள்ளமா, தரையா மரமா, தேதி, பறித்தவர் பெயர். வீட்டில் தாத்தா பாட்டி அந்தச் செடிக்கு என்ன பெயர் சொல்கிறார்களோ, அதையும் அப்படியே எழுதுங்கள். புத்தகத்துப் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.